நாற்பத்தாறு கிலோவுக்கான ஸ்பிரிங்

மேற்கணக்கு, சின்னமலைத் தோட்டம்,
அக்கரப்பத்தனை.
15.02.2004

அக்கா,

சுகம் கேட்க எழுதவில்லை. ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலைச் சேர்ந்தவர்கள் வெள்ளைக்காரர்களை பட்டிப்பொல வரை வேனில் ஏற்றிப்போய், அங்கிருந்து தோட்டப் பாதைகளில் சைக்கிளில் இறக்கிவிடப் போகிறார்கள். வழிகாட்ட ஆள் வேண்டுமாம். போய் விசாரித்தேன். எந்த வளைவில் மண் வழுக்கும், எந்தப் பாலத்தில் பலகை இல்லை என்று எல்லாம் சொன்னேன். மனேஜருக்குப் பிடித்துவிட்டது. கடைசியில், "சைக்கிள் இருக்கிறதா?" என்றார். இல்லை என்றேன். சிரித்தார். ஜூலை 9ஆம் திகதி ஓட்டப் பரீட்சை. முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் உள்ள மலைச் சைக்கிள் சொந்தமாக வைத்திருப்பவன் மட்டும் வரலாம். ஹோட்டலில் எட்டு நிற்கிறது. எட்டும் விருந்தாளிகளுக்கு.

அம்மாவுக்கு செப்டம்பரோடு வேலை முடிகிறது. கிளாக்கர் கணேசமூர்த்தி இப்போதே என்னைக் கூப்பிட்டுவிட்டார். "ஒங்கம்மா மீனம்மா பேரு போனா ஒம்பேரு வரணும் தம்பி. இல்லாட்டி குடியிருக்குற காம்பராவ விடணும். சட்டம் அப்பிடி." யாருடைய சட்டம் என்று கேட்டேன். "வாயக் கொறச்சிக்க" என்றார்.

நான் தோட்ட வேலைக்குப் பேர் பதியமாட்டேன். பதிந்தால் ஐம்பத்தைந்து வயதில்தான் வெளியே வருவேன், அதுவும் முதுகு வளைந்து.

நீ சைக்கிள் தொழிற்சாலையில் நான்கு வருடமாக இருக்கிறாய். கழிவுச் சாமான் வேலையாட்களுக்கு விற்பார்கள் என்று தீபாவளிக்கு வந்தபோது சொன்னாய். ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பினால் நான் பூட்டிக்கொள்வேன். ஹோட்டலில் தங்கிய ஒருவர் விட்டுப்போன புத்தகத்தைப் பார்த்து எனக்கு வேண்டியதை எழுதியிருக்கிறேன். அலுமினியம் பிரேம், இரண்டு பக்கமும் எண்ணெய் டிஸ்க் பிரேக், இருபத்தேழு கியர், முன் சக்கரத்தைப் பிடிக்கும் போர்க் ஆறு அங்குலம் அமுங்க வேண்டும். நிறம் கறுப்பு.

மதுரன்

பெண்கள் விடுதி, பியகம.
29.02.2004

தம்பி,

நிறம் கறுப்பாம். மாப்பிள்ளை பார்க்கிறாயா?

கழிவு விற்பனை மாதத்தில் முதல் சனிக்கிழமை மட்டும். கேற்றுக்குப் பின்னால் ஒரு கூண்டு. முந்நூறு பேர் வரிசையில் நிற்போம், முதல் நாற்பது பேருக்குத்தான் ஏதாவது கிடைக்கும். எனக்கு எட்டு மணி வரை ஓவர்டைம். அது முடிந்து ஓடினால் செயினும் மணியும்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே மூன்று சனிக்கிழமை ஓவர்டைம் செய்யமாட்டேன். அதை நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன், தெரிந்துகொள்.

எண்ணெய் பிரேக் வேண்டாம். தோட்டத்தில் எண்ணெய் ஒழுகினால் யார் அடைப்பார்கள், கணேசமூர்த்தியா? கம்பி இழுக்கும் டிஸ்க் போதும். ஒன்பது கியர் பின்னால், முன்னால் ஒன்றே ஒன்று. ஆறு அங்குலப் போர்க் மலையிலிருந்து குதிக்கிறவனுக்கு. உனக்கு நாலு. ரிம்மை நானே கோத்துத் தருவேன். ஒரு நாளைக்கு நூற்றிருபது சக்கரம் கோக்கிற கை இது. எந்த நாட்டில் எவன் ஓட்டுகிறான் என்று தெரியாமலே கோக்கிறேன். ஒன்றாவது தெரிந்து கோக்கிறேன்.

பின் ஸ்பிரிங் எனக்குத் தெரியாத விஷயம். எங்களை எங்கள் மேசையை விட்டு எழும்ப விடமாட்டார்கள். சோதனைப் பிரிவில் லக்ஸ்மன் என்று யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "ஸ்பிரிங் ஆளின்ர நிறைக்குத்தான் போடுறது தங்கச்சி. உம்மட தம்பி எத்தனை கிலோ எண்டு சரியாக் கேட்டு வாரும்" என்றார். அவரிடம் அட்டவணை இருக்கிறதாம்.

எத்தனை கிலோ என்று எழுது. சும்மா குத்துமதிப்பாக எழுதாதே.

அம்மாவின் இருமல் எப்படி? நீ எழுதமாட்டாய் என்று தெரியும், ஆனாலும் கேட்கிறேன்.

சுதர்ஷினி

மேற்கணக்கு, சின்னமலை.
14.03.2004

அக்கா,

அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. போதுமா?

நிறுத்துப் பார்த்தேன். தோட்டத்தில் தராசு ஒன்றுதான் இருக்கிறது. பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய், நிறுவை முடியும்வரை நின்று, கொக்கியில் இரண்டு கையாலும் தொங்கினேன். கணக்கப்பிள்ளை இராமையா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சுற்றி வந்து பார்த்தார்.

"என்னடா இது, கொழுந்தா வங்கி எலையா? முத்திப்போன மாதிரி தெரியுது. தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சிப்புடுவேன், சம்மதமா?"

"அவன்கிட்ட கழிக்க என்னாங்க இருக்கு?" என்றாள் காளியாயி சித்தி. "எலும்பையா கழிப்பீங்க?"

அத்தனை பெண்களும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்று அவளுக்கு பதினாறு கிலோ என்று எழுதியிருந்தார்கள். பதினெட்டு இருந்தால்தான் முழுப் பேர், முழு நாள் சம்பளம். அரைப் பேர் போட்டுவிட்டார்கள். இந்த மாதம் ஐந்தாவது தடவை.

முள் நாற்பத்தாறில் நின்றது. கழிக்காமல் நாற்பத்தாறு.

மதுரன்

பியகம.
09.05.2004

தம்பி,

சாமான் நேற்று கோச்சியில் தலவாக்கலை ரயில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. மூன்று சாக்குக் கட்டு.

பிரேமில் பெயின்ற் ஒரு இடத்தில் குமிழி விட்டிருக்கிறது, அதனால்தான் கூண்டுக்கு வந்தது. கறுப்பு இல்லை, கத்தரிப்பூ நிறம். சிரிக்காதே. போர்க்கில் ஒரு கீறல், மேல்தோல்தான். டயர் புதிது. சக்கரம் இரண்டும் மதிய இடைவேளையில் கோத்தேன், பத்து நாள் சோறு சாப்பிடாமல். கம்பியை விரலால் தட்டிப் பார், முப்பத்திரண்டும் ஒரே சத்தம் தரும். தராவிட்டால் எனக்கு எழுது. நீயாக முறுக்காதே.

ஸ்பிரிங் நாற்பத்தாறு கிலோவுக்கு லக்ஸ்மன் அண்ணன் தேடித் தந்தது. இரண்டு எண்ணுக்கு நடுவில் வந்ததாம், மெலிந்த ஆள் என்பதால் மெல்லியதையே கொடுத்தார். ஸ்பிரிங் பூட்டும் ஷொக் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். நீ ஏறி உட்கார்ந்தால் அது கால்வாசி தள்ளப்பட்டிருக்க வேண்டும்.

விடுதிக்கார அம்மாள் என் அறையில் கிடந்த சாக்கைப் பார்த்துவிட்டு, என்ன இது, எங்கே திருடினாய் என்று சிங்களத்தில் கேட்டாள். ரசீதைக் காட்டினேன். ரசீதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் மலைநாட்டுக்காரி அல்லவா.

பூட்டி முடித்ததும் எழுது.

சுதர்ஷினி

மேற்கணக்கு, சின்னமலை.
06.06.2004

அக்கா,

சாமான் வந்த அறிவித்தல் தோட்ட ஒபிஸில் பன்னிரண்டு நாள் கிடந்திருக்கிறது. கேட்டால், "பெரட்டுல பேரு கூப்புட்டேன், நீ இல்ல" என்கிறார் கணேசமூர்த்தி. நான் ஏன் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நிற்க வேண்டும், நான் உங்கள் ஆளா என்று கேட்டேன். "அதான் லெட்டரும் வரல" என்றார்.

சரி. பூட்டினேன். மூன்று நாள். லயத்துப் பிள்ளைகள் வாசலை விட்டு நகரவில்லை. காளியாயி சித்தி ஷொக்கை அழுத்திப் பார்த்து, "இதுல ஒக்காந்தா இடுப்பு வலிக்காதாமே, எனக்கொண்ணு கேளேன்" என்றாள்.

நேற்று மேல்மலைப் படிக்கட்டுப் பாதையில் இறக்கினேன். முதல் படியிலேயே பின்பக்கம் முழுக்க அமுங்கி இரும்பில் இரும்பு அடித்தது. இரண்டாவது படியில் மறுபடி. மூன்றாவதில் என்னைத் தூக்கித் தேயிலைக்குள் எறிந்தது. முழங்கையில் தோல் இல்லை. நீ சொன்ன ரப்பர் வளையம் கால்வாசியில் நிற்கவில்லை. சும்மா உட்கார்ந்தாலே மூன்றில் ஒன்றுக்கு மேல் போகிறது.

நீ பார்க்காமல் வாங்கிவிட்டாய். அந்த லக்ஸ்மனுக்கு என்ன, தோட்டத்துப் பொடியனுக்கு இது போதும் என்று எதையோ தள்ளிவிட்டிருப்பார். பரீட்சைக்கு முப்பத்து மூன்று நாள் இருக்கிறது. இதை ஓட்டிக்கொண்டு போனால் மனேஜர் முன்னால் விழுவேன்.

மதுரன்

பியகம.
13.06.2004

மதுரன்,

தம்பி என்று எழுத மனம் வரவில்லை.

உன் கடிதத்தை லக்ஸ்மன் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன், அவரைத் திட்டிய இடத்தை விட்டுவிட்டு. அவர் அதே எண் ஸ்பிரிங்கை எடுத்து இயந்திரத்தில் வைத்து அமுக்கிக் காட்டினார். சரியாக இருக்கிறது. "ஸ்பிரிங் பிழையில்லைத் தங்கச்சி. ஆள் நாப்பத்தாறு இல்லை. ஐம்பத்தைஞ்சுக்குக் கிட்ட இருக்க வேணும். எங்க நிறுத்தவராம்?" என்று கேட்டார்.

கொழுந்து மடுவத்தில் கொக்கியில் தொங்கினான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் என்று பொய் சொன்னேன்.

வேறு எங்காவது போய் நிறு. அதன் பிறகு என்னைக் குற்றம் சொல்.

சுதர்ஷினி

அக்கரப்பத்தனை டவுன்.
20.06.2004

அக்கா,

ஐம்பத்தாறு.

டவுன் டிஸ்பென்சரியில் ஒரு முறை, மரக்கறி லொறிக்காரனின் தராசில் ஒரு முறை. இரண்டிலும் ஐம்பத்தாறு. உன்னிடமும் லக்ஸ்மன் அண்ணனிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

ஆனால் விஷயம் அதுவல்ல. யோசித்துப் பார். நாற்பத்தாறு காட்டிய தராசில்தான் அம்மா கொழுந்து நிறுக்கிறாள்.

நேற்று கடையில் கோதுமை மா மூட்டை எடுத்தோம், லயத்தில் பத்துக் குடும்பத்துக்கு. வாய் தைத்த மூட்டை, ஐம்பது கிலோ என்று அச்சடித்திருக்கிறது. மடுவத்தில் யாரும் இல்லாத நேரம் நானும் காளியாயி சித்தியும் தூக்கி மாட்டினோம். நாற்பத்தொன்று. இறக்கி மறுபடி மாட்டினோம். நாற்பத்தொன்று. சித்தி முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தண்ணிக்குத் தனியா வேற கழிக்கிறாய்ங்களேடா" என்றாள்.

தராசு கள்ளத் தராசு என்று எல்லாரும் எப்போதும் சொல்வதுதான். எவ்வளவு என்று ஒருத்தருக்கும் தெரியாது. பதினாறு என்று எழுதிய அன்று அம்மா பறித்தது இருபதுக்கு மேல். அதற்கு அரைப் பேர்.

இனித் தோட்ட விலாசத்துக்கு எழுதாதே, ஒபிஸில் பிரித்துப் பார்ப்பார்கள். டவுன் சைக்கிள் கடை விலாசம் பின்பக்கம் இருக்கிறது.

மதுரன்

பியகம.
25.06.2004

தம்பி,

வாயைத் திறக்காதே.

ஜூலை ஒன்பது முடியட்டும். ஹோட்டல்காரனின் சைக்கிள் ஓடுவது தோட்டத்துத் துரையின் பாதையில். துரை ஒரு சொல் சொன்னால் உன் பெயரை வெட்டிவிடுவார்கள். முப்பது வருடம் ஏமாற்றிய தராசு இன்னும் இரண்டு கிழமை ஏமாற்றட்டும். வேலை கிடைத்ததும் நீ என்ன வேண்டுமானாலும் செய். நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன்.

இங்கே என் மேசையில் ஆர்த்திகா என்று ஒரு பிள்ளை இருந்தாள். கையுறை கேட்டு எழுதிக் கொடுத்தாள். அடுத்த திங்கட்கிழமை அவளுடைய அட்டை கேற்றில் வேலை செய்யவில்லை. அவ்வளவுதான். நாங்கள் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சரியான ஸ்பிரிங் இத்துடன் பஸ்ஸில் வருகிறது. லக்ஸ்மன் அண்ணன் தன் பெயரில் எடுத்தது. பழையதைக் கழற்றும்போது பிரேமைத் தலைகீழாக வை.

சுதர்ஷினி

அக்கரப்பத்தனை டவுன்.
11.07.2004

அக்கா,

உட்கார்ந்துகொண்டு வாசி.

ஸ்பிரிங் கிடைத்த அன்றே பூட்டினேன். வளையம் கால்வாசியில் நின்றது. மேல்மலைப் படிக்கட்டு முழுவதையும் இறங்கினேன், ஒரு சத்தமில்லை. அவ்வளவு நல்ல சாமான் அக்கா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்து, சரி, பேசாமல் இருப்போம் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் அம்மாவைக் கூட்டிவர மடுவத்துக்குப் போனேன். மழையில் பறித்திருந்தார்கள். இராமையா பதினேழு என்றார், தண்ணிக்குக் கழித்தார், பதினைந்து என்று எழுதினார். அம்மா சரிங்க என்று கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். சரிங்க என்றாள் அக்கா. என்னால் முடியவில்லை. மறுநாள் எல்லாப் பெண்களும் நிற்கும்போது வாய் பிரிக்காத ஒரு மா மூட்டையைக் கொண்டுவந்து மாட்டினேன்; மறுபடி நாற்பத்தொன்று. இராமையாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "நான் எழுதுறவன்ப்பா, தராசு நான் செஞ்சதா?" என்றார். அதுவும் உண்மைதான்.

நிறுவைப் பரிசோதகருக்கு மனு எழுதினேன். முப்பத்தெட்டுப் பேர் ஒப்பமும் கைநாட்டும். மனுதாரர் வசிக்கும் இடம் என்று ஒரு கோடு இருந்தது. நான் வசிக்கும் இடத்தை எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். உனக்குச் சொன்ன புத்தி எனக்கு இல்லை. பதில் தோட்ட ஒபிஸுக்கு வந்தது. எனக்குக் கிடைக்கும்போது ஒட்டின பசை ஈரம். பரிசோதகர் ஒன்பதாம் திகதி காலை பத்து மணிக்கு வருகிறார் என்று இருந்தது.

ஆம், அதே ஒன்பது.

"நீ போடா, நாங்க பாத்துக்குறோம்" என்றாள் காளியாயி சித்தி. முந்தின நாள் சாயந்தரம் மூன்று பேர் வந்து மனுவில் தங்கள் பெயரை வெட்டச் சொன்னார்கள். மனு என் பெயரில். நான் இல்லாவிட்டால் பரிசோதகருக்குச் சிங்களத்தில் சொல்லவும் ஆளில்லை. காலையில் சைக்கிளை வாசல் வரை உருட்டிவந்து, திரும்பக் காம்பராவுக்குள் வைத்தேன்.

பரிசோதகர் வந்தார். தான் கொண்டுவந்த படிக்கற்களை மாட்டினார். ஐம்பதுக்கு ஐம்பது. மா மூட்டையை மாட்டச் சொன்னேன். ஐம்பது. தராசைத் திருத்தும் பின்பக்கத்து ஆணியில் புது எண்ணெய். நான் காட்டினேன். அவர் பார்த்தார். "இன்று சரியாக இருக்கிறதே, இன்றைக்குத்தான் நான் எழுதலாம்" என்றார். எழுதிவிட்டுப் போனார். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

அன்று பின்னேரம் நிறுவையில் எல்லாருக்கும் மூன்று கிலோ, நாலு கிலோ கூட. அம்மாவுக்கு இருபத்தொன்று. இராமையா தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். அம்மா காம்பராவுக்கு வந்து என்னை அடித்தாள். எதற்கென்று அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஹோட்டலுக்குப் போனேன். மனேஜர் வெளியில் வரவில்லை. காவல்காரன்தான் சொன்னான், ஆள் எடுத்தாகிவிட்டதாம்.

மதுரன்

பியகம.
18.07.2004

மதுரன்,

மூன்று சனிக்கிழமை. பத்து நாள் சோறு. ஒரு பிள்ளைக்காகக் கேட்காமல் இருந்த வாய் உனக்காக ஊரெல்லாம் கெஞ்சியது.

நீ செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிவதால்தான் இன்னும் கோபம் வருகிறது. சரியானதைச் செய்கிறவன் எல்லாம் ஏன் என் தம்பியாக இருக்க வேண்டும்?

நான் திரும்பி வருவதற்கு ஒரு இடம் அந்தக் காம்பராதான். அம்மாவுக்கும் அதுதான். போய்ப் பேர் பதி. சைக்கிளைப் பிரித்து அனுப்பு, இங்கே வாங்க ஆள் இருக்கிறது.

பதில் எழுத வேண்டாம்.

சுதர்ஷினி

அக்கரப்பத்தனை டவுன்.
26.09.2004

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். இரண்டு மாதம் எழுதவில்லை. இதை எழுதியே ஆக வேண்டும்.

சைக்கிளைப் பிரிக்கவில்லை. அதற்குத் திட்டு, மற்றதை வாசித்த பிறகு.

நீ சொன்னபடி போன மாதம் ஒபிஸுக்குப் போனேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பேர் பதியுங்கள் என்று கேட்டேன். என் வாயால் கேட்டேன். கணேசமூர்த்தி புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "தொர வேணாங்குறாரு தம்பி. ஒனக்கு நெறைய வேல இருக்காம், மனு எழுதுற வேல." செப்டம்பர் முப்பதுக்குள் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதமும் கொடுத்தார். அதை மட்டும் அன்றே கையில் கொடுத்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருடம் அந்தப் புத்தகத்தில் ஏறிவிடக் கூடாது என்று ஓடியவன் நான். இப்போது அதில் ஏற விடமாட்டேன் என்கிறார்கள்.

அம்மா யாரிடமும் சொல்லாதே என்றாள். ஆனால் அவளே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் காளியாயி சித்தியிடம் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை பெரட்டில் எல்லாப் பெண்களும் நின்றார்கள். மலை பிரித்துக் கொடுத்தார்கள். ஒருத்தியும் ஏறவில்லை. கூடையை இறக்கிவைத்து அதன் மேலே மழைக்குப் போர்த்தும் கொங்காணியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மனுவில் பெயரை வெட்டச் சொன்ன மூன்று பேரும் முன்வரிசையில். கண்டாக்கு கத்தினார். தொழிற்சங்கத் தலைவர் ஓடிவந்து, சங்கத்தில் பேசி ஒரு கிழமையில் முடிக்கிறேன் என்றார். "நீ ஒரு கெழமைக்கி அப்புறம் வா, நாங்க இங்கதான் ஒக்காந்திருப்போம்" என்றாள் சித்தி.

"என்னதான் வேணும் ஒங்களுக்கு?" என்று கேட்டார் கண்டாக்கு.

"மீனம்மா மகன் பேரு ஏறணும்."

முப்பத்தெட்டுப் பேரும் அதையேதான் சொன்னார்கள். நான் மடுவத்துச் சுவரில் சாய்ந்து நின்றேன். வேண்டாம், எனக்கு அது வேண்டாம், வேறு எதையாவது கேளுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. யாரிடம் கத்துவது? மழையில் உட்கார்ந்திருந்தவர்களிடமா?

வெள்ளிக்கிழமையும் உட்கார்ந்தார்கள். கொழுந்து முற்றத் தொடங்கியது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு துரை சம்மதித்தார். கணேசமூர்த்தி புத்தகத்தைத் திறந்து, அம்மாவின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினார். பேனா எழுதவில்லை, உதறி உதறி எழுதினார். காம்பரா எங்களுக்குத்தான். நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

வெளியே வந்தபோது எல்லாரும் சத்தம் போட்டார்கள். அம்மா அழுதாள். யாரோ கடையில் சீனி வாங்கிவந்து கைக்குக் கை கொடுத்தார்கள். நாளை ஆறரைக்குப் பெரட்டு. எனக்குக் கவ்வாத்து மலை, தேயிலைச் செடி வெட்டும் வேலை.

காளியாயி சித்தி ஈரக் கையால் ஒரு பிடி சீனியை என் வாயில் திணித்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டரை நாளு மழையில ஒனக்காகத்தான்டா ஒக்காந்தோம். சந்தோசமா இருக்கியா?"

"இருக்கேன் சித்தி" என்றேன்.

மதுரன்